அரியணைக்குப் பாகம் இல்லை, ஆஸ்திக்கு உண்டு



விருதுநகரிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் செல்வோர் திருமங்கலத்தைக் கடந்ததும் திருப்பரங்குன்றம் மலையைக் காண்பர். மலைமேல் உள்ள சிக்கந்தர் பாதுஷா தர்காவை மதுரையின் கடைசிச் சுல்தானோடு இணைத்துச் சொல்லும் மரபு நம் மக்களிடம் உண்டு. அண்மையில் மதரஸா மாணவர்களை அழைத்துக்கொண்டு அவ்வழியே சென்றபோது ஒரு மாணவன் கேட்டான்: “ஹஜ்ரத், மதுரையில நம்ம சுல்தான்கள் ஆண்டாங்களாமே, அப்புறம் ஏன் இல்லாமப் போனாங்க?”

“விஜயநகரத்துப் படை வந்தது, தோற்றுப் போனார்கள்” என்றேன். சொன்னது பொய்யன்று. ஆனால் அது பாதி விடையே என்பது வீடு திரும்பும்வரை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. மீதிப் பாதியைச் சொல்லவே இக்கட்டுரை.

மதுரை கண்ட வாரிசுப் போர்கள்

மதுரை அரியணைக்காக உறவினர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டது சுல்தான்கள் காலத்தில் தொடங்கியதன்று. மாறவர்மன் குலசேகர பாண்டியன் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டவன். காயல் துறைமுகம் அவன் காலத்தில் அரபு நாட்டுக் குதிரை வணிகத்தால் செழித்தது. தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் என்னும் முஸ்லிம் பெருவணிகர் பாண்டிய அரசில் அமைச்சராகவே இருந்தார். அத்தகைய அரசு 1310ஆம் ஆண்டில் உள்ளிருந்தே உடைந்தது. இளைய மகன் வீரபாண்டியன்மீது தந்தை கூடுதல் பற்று வைத்ததைப் பொறாத சுந்தரபாண்டியன் தந்தையையே கொன்றான் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். சகோதரர் இருவரும் போரிட்டுக்கொண்டிருந்த வேளையில்தான் 1311இல் டில்லித் தளபதி மாலிக் காஃபூரின் படை மதுரைக்குள் நுழைந்தது.

அந்த மாலிக் காஃபூரை அனுப்பிய அலாவுத்தீன் கில்ஜியின் கதை இதனினும் கொடிது. தம் சிறிய தந்தையும் மாமனாருமான சுல்தான் ஜலாலுத்தீனை 1296இல் கொலை செய்வித்து அரியணை ஏறியவர் அவர். 1316இல் அவர் கண்மூடியதும், அவர் நம்பியிருந்த காஃபூரே அவருடைய மகன்கள் கிள்ரு கானையும் ஷாதி கானையும் குருடாக்கினார். சிறு குழந்தை ஒன்றைச் சிங்காதனத்தில் உட்காரவைத்துத் தாமே ஆள நினைத்தார். சுமார் ஒரு மாதத்தில் அரண்மனைக் காவலர்கள் அவரையும் வெட்டி வீழ்த்தினர்.

இனி மதுரைச் சுல்தான்களுக்கு வருவோம். டில்லியின் முஹம்மது பின் துக்ளக் மாபாருக்கு ஆளுநராக நியமித்திருந்த ஜலாலுத்தீன் அஹ்ஸன் 1335 வாக்கில் தாமே சுல்தான் என்று அறிவித்தார். சுமார் ஐந்து ஆண்டுகளில் தம் அமீர்களுள் ஒருவராலேயே கொல்லப்பட்டார். அடுத்து வந்த அலாவுத்தீன் உதௌஜி, போர்க்களத்தில் தண்ணீர் குடிப்பதற்காகத் தலைக்கவசத்தைக் கழற்றிய கணத்தில் எங்கிருந்தோ வந்த அம்புக்கு இரையானார். அவருடைய மருமகன் குத்புத்தீன் நாற்பதே நாள் ஆண்டு கொல்லப்பட்டார். பிறகு வந்தவர் கியாசுத்தீன் தாமகானி. டில்லியில் ஒரு பிரபுவிடம் குதிரை வீரராக இருந்தவர், ஜலாலுத்தீன் அஹ்ஸனின் மகளை மணந்தவர். கொள்ளை நோயில் அவருடைய ஒரே மகன் இறந்தான். சில வாரங்களில் அவரும் இறந்தார். அவர் சகோதரரின் மகன் நாசிருத்தீன் பட்டத்துக்கு வந்தார். ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் ஐந்து சுல்தான்கள்!

இவற்றை நமக்கு எழுதி வைத்தவர் உலகப் பயணி இப்னு பதூதா. அவரும் ஜலாலுத்தீன் அஹ்ஸனின் இன்னொரு மகளை டில்லியில் மணந்திருந்தார். ஆகவே கியாசுத்தீனுக்கு அவர் சகலை முறை. அரண்மனையின் உள்வீட்டுச் செய்தியை அறிந்தவர். ஆயினும் அவர் உறவுக்காக உண்மையை மறைக்கவில்லை. போரில் பிடிபட்ட எளிய மக்களையும், அவர்களுடைய பெண்களையும் குழந்தைகளையும் கியாசுத்தீன் கொன்றதைக் கண்டு மனம் பதறி, இது எந்த மன்னனும் செய்யாத இழிசெயல், இதனாலேயே அல்லாஹ் அவர் முடிவை விரைவுபடுத்தினான் என்ற கருத்தைத் தம் நூலில் பதிந்திருக்கிறார். மன்னர் முஸ்லிம் பெயர் தாங்கியவர் என்பதற்காக அவர் செய்த அநியாயத்துக்கு நாம் வக்காலத்து வாங்க வேண்டியதில்லை என்பதற்கு இப்னு பதூதாவே போதிய சான்று.

நாசிருத்தீன் பட்டத்துக்கு வந்ததும் செய்த முதற் காரியங்களுள் ஒன்று என்ன தெரியுமா? கியாசுத்தீனின் மகளை மணந்திருந்த தம் நெருங்கிய உறவினரைக் கொன்று, விதவையான அப்பெண்ணைத் தாமே மணந்துகொண்டார். அரியணைக்கு உரிமை கோரக்கூடிய ஒருவர் ஒழிந்தார். மறைந்த சுல்தானின் மருமகன் என்னும் தகுதியும் வந்து சேர்ந்தது. அப்பெண்ணின் பெயரைக்கூட வரலாறு நமக்குச் சொல்லவில்லை. அந்தப் பத்தாண்டுகளைத் திரும்பிப் பாருங்கள். குத்புத்தீன், கியாசுத்தீன் இருவருக்கும் மாமனார் வீட்டு உறவே அரியணைக்கு ஏணியாயிற்று. மகள்களுக்கு அரசில் பங்கில்லை, ஆனால் அரசு அவர்களை மிதித்துக்கொண்டு கைமாறியது.

இப்படித் தன்னைத்தானே தின்ற அரசு 1370களில் குமார கம்பணரின் படையெடுப்பைத் தாங்கமுடியாமல் சரிந்தது. நாற்பது ஆண்டுகளைச் சற்றே தாண்டிய ஆயுள். வெளிப்படை வந்து சேர்வதற்கு வெகுமுன்பே வீடு இடிந்துவிட்டது. மாணவனுக்கு நான் சொல்லத் தவறிய பாதி இதுதான்.

மார்க்கம் எதைப் பங்கிட்டது, எதைப் பங்கிடவில்லை?

பாண்டியரும் கில்ஜிகளும் மாபார் சுல்தான்களும் சமயத்தால் வேறுபட்டவர்கள். நோய் ஒன்றே. அரசாட்சியைத் தந்தை விட்டுச் செல்லும் சொத்தாக அவர்கள் எண்ணினார்கள். சொத்து என்றால் பங்கு வேண்டும். ஆனால் அரியணையை இரண்டாக அறுக்க இயலாது. ஆகவே பங்காளியை அறுத்தார்கள்.

இஸ்லாம் இவ்விஷயத்தில் எவ்வளவு தெளிவாகப் பேசியிருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சூரா அந்நிஸாவின் 11, 12, 176 ஆகிய மூன்று ஆயத்துகளில் அல்லாஹ் வாரிசுப் பங்குகளைத் தானே வகுத்தான். தொழுகையின் ரக்அத் எண்ணிக்கையைக்கூட நபி (ஸல்) அவர்களின் நடைமுறையால் அறிவித்த இறைவன், அரை, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்று பங்குகளைத் தன் வேதத்திலேயே எண்ணிச் சொன்னான். அவற்றைத் தன் வரம்புகள் என்றும் பெயரிட்டான். ஆனால் ஆட்சிக்கு அவன் பங்கு எதுவும் எழுதவில்லை. அது அமானத் என்றும், காரியங்கள் கலந்தாலோசனையால் நடக்கவேண்டும் என்றும் மட்டுமே கற்பித்தான்.

உமர் (ரலி) அவர்கள் மரணப் படுக்கையில் இருந்தபோது, அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க ஆறு ஸஹாபாக்கள் கொண்ட குழுவை நியமித்தார்கள். தம் மகன் அப்துல்லாஹ் (ரலி) அறிவிலும் பேணுதலிலும் எவருக்கும் குறைந்தவரல்லர். அவர் ஆலோசனைக்கு உடனிருக்கலாம், ஆனால் பதவியில் அவருக்குப் பங்கில்லை என்று உமர் (ரலி) தீர்த்துச் சொல்லிவிட்டார்கள். அந்தக் கோடு அழிந்த பிறகுதான் நம் வரலாற்றில் அரண்மனைக் கொலைகள் மலிந்தன.

ஆக, மார்க்கம் சொன்னது இரண்டு. சொத்துக்குப் பாகம் உண்டு, அதில் கைவைக்காதே. பதவிக்குப் பாகம் இல்லை, அதற்கு உரிமை கொண்டாடாதே.

நாம் தலைகீழாக்கிவிட்டோம்

சுல்தான்களைப் பற்றிப் பேசி முடித்துவிட்டு நாம் நிம்மதியாக உறங்கிவிடலாம். நம்மிடம் அரியணை ஏதும் இல்லையே! ஆனால் நம் மஹல்லாக்களைச் சற்று உற்றுப் பாருங்கள். “எங்க அத்தா முதவல்லியா இருந்தாக, அவுகளுக்கு அப்புறம் நான்தான்” என்னும் பேச்சைக் கேட்காத ஊர் உண்டா? வக்ஃபு செய்தவர் தம் ஆவணத்தில் அப்படி நிபந்தனை எழுதியிருந்தால் அது வேறு. எழுதாத இடத்தில், மக்கள் சந்தாவால் நடக்கும் பள்ளிவாசல் நிர்வாகத்தை எப்படி ஒருவர் வாரிசாக அடைய முடியும்? பதவியை விரும்பிக் கேட்டு வந்தவருக்கு அதைத் தர நபி (ஸல்) அவர்கள் மறுத்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். பாகம் இல்லாத இடத்தில் நாம் பாகம் கேட்கிறோம்.

பாகம் உள்ள இடத்திலோ? அங்கே நாம் நாசிருத்தீனாகி விடுகிறோம். வாள் இல்லை, விடுதலைப் பத்திரம் இருக்கிறது. வாப்பா மௌத்தாகி நாற்பது நாள் ஆவதற்குள் அக்கா தங்கைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்கிறோம். “உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே” என்கிறோம். அவள் கையெழுத்திட்டுவிட்டு நம் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். ஆகவே யாருக்கும் அநியாயம் நடந்ததாகத் தோன்றுவதில்லை.

உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் பின் ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண்மக்களை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். பிள்ளைகளின் சிறிய தந்தை சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார், இவர்களுக்கு ஒன்றும் விடவில்லை, பொருள் இல்லாமல் இவர்களுக்குத் திருமணம் எப்படி நடக்கும் என்று முறையிட்டார். அதன்பின் வாரிசுரிமை வசனம் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் அந்தச் சிறிய தந்தையை வரவழைத்து, பெண்மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு, தாய்க்கு எட்டில் ஒன்று, எஞ்சியது உமக்கு என்று தீர்ப்பளித்தார்கள். சிந்தியுங்கள். உம்மத்தின் வாரிசுச் சட்டம் இரண்டு பெண்பிள்ளைகளின் முறையீட்டுக்கு விடையாக இறங்கியது. அந்தச் சட்டத்தில் முதலில் நாம் வெட்டி எறிவது பெண்பிள்ளையின் பங்கைத்தான்.

சிவகாசி வட்டாரத்தில் வாழும் நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பட்டாசு ஆலையில் மருந்து அறைகளை ஒட்டி ஒட்டிக் கட்டுவதில்லை. ஓர் அறைக்கும் மற்றோர் அறைக்கும் இத்தனை தூரம் என்று விதி இருக்கிறது. இடம் வீணாகிறதே என்று தோன்றும். ஓர் அறையில் பற்றிய தீ அடுத்த அறைக்குத் தாவாதிருக்கவே அந்த இடைவெளி. அல்லாஹ் வகுத்த பங்குகளும் அத்தகையவை. உடன்பிறந்தவர்களின் உள்ளங்களுக்கு நடுவே அவன் அளந்து வைத்த இடைவெளி அது. அதை நாம் மிச்சப்படுத்த நினைக்கும்போதுதான் தீ தாவுகிறது.

நான் இட்ட சாட்சிக் கையெழுத்து

இதைப் பிறருக்கு உபதேசமாகச் சொல்லும் தகுதி எனக்கு எளிதில் வந்ததன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், பட்டயம் பெற்று வந்த புதிதில், சிற்றூர் ஒன்றின் மக்தபில் ஓதிக்கொடுத்து வந்தேன். அவ்வூரில் சிறு பட்டாசு ஆலையும் ஒரு வீடும் வைத்திருந்த பெரியவர் வஃபாத்தானார். மனைவி முன்பே இறந்துவிட்டார். மகன்கள் மூவர், மகள்கள் இருவர். மகள்கள் எழுதிக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்கு என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். ஹஜ்ரத் கையெழுத்து இருந்தால் பரக்கத் என்றார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

பேனாவைக் கையில் வாங்கிய இளைய மகள் என்னைப் பார்த்துக் கேட்டார்: “எங்க அத்தா சொத்துல எனக்கு என்ன பங்கு வருதுன்னு ஒரு தடவ சொல்லுங்க ஹஜ்ரத். தெரிஞ்சுக்கிட்டே போட்டுறேன்.”

வாரிசுரிமைக்கென்றே உள்ள ஸிராஜீ கிதாபை ஓதித் தேறியவன் நான். மகன் ஒருவருக்கு இரண்டு வீதம் ஆறு, மகள்களுக்கு ஒன்று வீதம் இரண்டு, ஆக எட்டுப் பாகம். அவருக்கு எட்டில் ஒன்று. மக்தபுப் பிள்ளையும் சொல்லக்கூடிய கணக்கு. சகோதரர்கள் மூவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “அதெல்லாம் குடும்பத்துக்குள்ள பேசிக்கிறதுதாம்மா” என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்திட்டார். கீழே நானும் இட்டேன்.

சில ஆண்டுகளில் அவருடைய கணவர் இறந்தார். வேறொருவர் ஆலையில் தினக்கூலிக்குத் திரி வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார். பங்கை மிச்சப்படுத்திய சகோதரர்களாவது ஒற்றுமையாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. தங்கைகளின் பங்கை எடுக்கும்போது ஒன்றாக இருந்த மூவரும், தங்களுக்குள் பிரிக்கும்போது நீதிமன்றப் படி ஏறினார்கள். அநீதியால் சேர்ந்த கூட்டு அநீதியாலேயே பிரியும் என்பதை மதுரை வரலாற்றில் படிப்பதற்கு முன்பே நான் கண்ணால் கண்டேன்.

பின்னாளில் அந்தச் சகோதரியைச் சந்தித்து மன்னிப்புக் கேட்டேன். “நீங்க சொல்லியிருந்தாலும் நான் போட்டிருப்பேன் ஹஜ்ரத். ஆனா எனக்கு ஒண்ணு இருந்துச்சுன்னு தெரிஞ்சிருக்கும்” என்றார். அவ்வார்த்தை இன்றும் என்னைத் தூங்கவிடுவதில்லை.

செய்யவேண்டியவை

முதலாவது, அறிவித்தல். ஜனாஸாச் செலவு, கடன், கொடுபடாத மஹர், மூன்றில் ஒன்றுக்கு மேற்படாத வஸிய்யத் ஆகியவை போக எஞ்சியதைக் கணக்கிட்டு, ஒவ்வொரு வாரிசுக்கும் அவர் பங்கைத் தொகையாகச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக எஞ்சியது 40 லட்சம் ரூபாய் என்றும், வாரிசுகள் மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் என்றும் கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்றாக 5 லட்சம். மீதி 35 லட்சத்தை ஐந்தாக்கினால் மகன்களுக்குத் தலா 14 லட்சம், மகளுக்கு 7 லட்சம். விதவைத் தாயின் பங்கும் இங்கே மறக்கப்படுவதைக் கவனியுங்கள். “அம்மாவை நாங்க பாத்துக்குவோம்” என்பது கடமை. அது பங்குக்கு ஈடாகாது.

இரண்டாவது, கையில் கொடுத்தல். சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் செல்லாதா என்று கேட்பார்கள். செல்லும். ஆனால் விட்டுக்கொடுக்க முதலில் கையில் இருக்கவேண்டும். தொகை இன்னதென்று தெரியாமல், பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்னும் அச்சத்தில் இடும் கையெழுத்து மனமுவந்ததாகுமா? பங்கை அவள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள். ஓர் ஆண்டு கழிந்தபின் அவளாக உங்களுக்கு அன்பளிப்புச் செய்தால் ஹலாலாக உண்ணுங்கள். திருமணத்தில் போட்ட நகையோ தந்தை உயிரோடிருந்தபோது தந்த அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கைக் கழிக்காது.

மூன்றாவது, பிரிக்க முடியாதது என்னும் சாக்கு. ஆலையின் உரிமம் ஒருவர் பெயரில்தான் இருக்கும், அச்சகத்தின் இயந்திரத்தை அறுத்துப் பங்கிட முடியாது என்பர். உண்மை. அதற்காகவே நம் ஃபிக்ஹில் ‘தகாருஜ்’ என்னும் வழி இருக்கிறது. ஒருவர் தொழிலை எடுத்துக்கொண்டு, மற்ற வாரிசுகள் இசையும் ஈட்டுத் தொகையைக் கொடுத்துவிடலாம். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் மனைவியருள் ஒருவர் தம் பங்குக்கு ஈடாக இவ்வாறு தொகை பெற்றுக்கொண்டார் என்பதை ஃபுகஹாக்கள் சான்று காட்டுவர். தவணையில் கொடுப்பதானால் எழுதிக் கொடுங்கள்.

நான்காவது, விவசாய நிலம் பெண்ணுக்கு இல்லை என்னும் பேச்சு. ஷரீஅத்தில் அப்படி ஒரு விலக்கு இல்லை. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவிட்டிருந்தது. சென்னை மாகாணம் 1949இல் கொண்டுவந்த திருத்தத்தால் நம் தமிழகத்தில் அந்த விலக்கும் நீங்கிவிட்டது. சாக்குச் சொல்ல நாட்டுச் சட்டமும் இடம் வைக்கவில்லை.

ஐந்தாவது, உயிரோடிருக்கும் பெற்றோருக்கு. பிள்ளைகளுள் ஒருவர்மீது மட்டும் சாயாதீர்கள். குலசேகர பாண்டியனின் வீட்டில் தீப்பற்றிய இடம் அதுவே. தம் மகன் நுஃமானுக்கு மட்டும் ஓர் அன்பளிப்பைத் தந்து அதற்குச் சாட்சியாக இருக்குமாறு பஷீர் (ரலி) அவர்கள் வேண்டியபோது, மற்றப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே தந்தீரா என்று நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும் சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்புத்தான் அன்று சார்பதிவாளர் அலுவலகத்தில் எனக்குத் தேவைப்பட்டது. சக ஆலிம்களையும் ஜமாஅத்தாரையும் பணிவுடன் வேண்டுகிறேன். பங்கு அறிவிக்கப்படாத பத்திரம் எதற்கும் சாட்சியாக நிற்காதீர்கள்.

அந்த மாணவனை அடுத்த வாரம் அழைத்து உட்காரவைத்து மீதி விடையைச் சொன்னேன். கேட்டு முடித்தவன், “அப்ப எங்க வீட்டுல எனக்கும் தங்கச்சிக்கும் எப்படி வரும் ஹஜ்ரத்?” என்றான். பலகையில் எழுதிக் காட்டினேன். வகுப்பு முழுவதும் நோட்டில் குறித்துக்கொண்டது. அவர்களுள் ஒருவராவது இருபது ஆண்டுகளுக்குப் பின் தன் சகோதரியின் பங்கைத் தானே சொல்லிக் கொடுப்பான் என்றால் மதுரைச் சுல்தான்களின் கதை வீணாகவில்லை.

உறவினரின் ஹக்கை உண்ணாமல் இவ்வுலகைக் கடக்கவும், உண்டதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவனைச் சந்திக்கவும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.